"நீங்க சும்மா இருங்கப்பா!"

"அப்பா, இந்த வெயில்ல நீங்க எதுக்குப் போறீங்க? நாங்க பார்த்துக்கறோம். நீங்க பேசாம ரெஸ்ட் எடுங்க!"

இந்த வார்த்தைகளை உங்கள் வீட்டில் நீங்கள் சொன்னதுண்டா? கட்டாயம் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டுப் பின்னால் வருத்தப்பட்டும் இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சில வருஷங்களுக்கு முன் என் அப்பாவுக்கு வயது 72. கரண்ட் பில் கட்டுவது, ரேஷன் வாங்குவது, காய்கறி எல்லாம் அவருடைய 'டிபார்ட்மென்ட்'. ஒருநாள் பில் கட்டிவிட்டு, மீதிச் சில்லறையைக் கவுன்ட்டரிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அவ்வளவுதான்! "அப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்று வீடே தீர்ப்பு எழுதிவிட்டது. ஒரே வாரத்தில் எல்லா வேலைகளையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டோம். எல்லாம் அன்பினால்தான்!

ஆறே மாதம். தினமும் ஷேவ் செய்துகொள்கிற மனிதர் வாரத்துக்கு ஒருமுறை செய்ய ஆரம்பித்தார். "இன்னிக்கு என்ன கிழமை?" என்று அடிக்கடி கேட்டார். நாங்கள் பயந்துபோனோம். பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கிழமையை ஞாபகம் வைத்துக்கொள்ள நாங்கள் என்ன காரணத்தை மிச்சம் வைத்திருந்தோம்? வேலை இல்லாதவருக்குச் செவ்வாய் என்ன, வியாழன் என்ன?

பெரியவர்களுக்கு வயது ஒருபக்கம் முதுமையைக் கொடுக்கிறது. மறுபக்கம் நாம், அன்பு என்ற பெயரில், அதைச் சீக்கிரமாக்குகிறோம். இது என் அழுத்தமான அபிப்பிராயம்.

அறிவு மங்கிவிடுகிறதா?

வயதாக ஆக மூளை மொத்தமாக மங்கிக்கொண்டே போகும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷை என்ற மனோதத்துவ நிபுணர் 1956-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, முடிந்தவரை அதே மனிதர்களையே திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தார்கள்.

தெரிந்தது என்ன? எல்லாத் திறமையும் ஒன்றாக இறங்குவதில்லை! பார்த்ததும் சட்டென்று முடிக்கிற வேகம் இளமையிலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. ஆனால் சொல்வளமும், யோசித்துக் காரணம் கண்டுபிடிக்கும் திறனும் நடுவயதில்தான் உச்சத்துக்கு வருகின்றன. சராசரியாகப் பார்த்தால் அறுபதைத் தாண்டிய பிறகே தெளிவான இறக்கம். அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இன்னொரு சந்தோஷமான செய்தி. திறமை குறைந்துபோன முதியவர்களுக்கு வெறும் ஐந்து மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 14 வருஷத்துக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பினார்கள் என்று 1986-ல் வெளியிட்டார்கள். உபயோகிக்காமல் துருப்பிடித்ததை நாம் 'வயசு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்

எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு பெண் நிபுணர்கள் 1976-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி. இடம் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லம். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், "உங்க அறையை எப்படி வைக்கணும், என்னைக்கு சினிமா பார்க்கணும், எல்லாம் நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார்கள். ஆளுக்கொரு செடியும் கொடுத்து, பராமரிப்பு உங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள். ஆனால், "தண்ணீரை நர்ஸ் ஊற்றிக்கொள்வார், உங்களுக்கு எது வேணும்னாலும் நாங்க செய்யறோம்" என்றார்கள்.

மூன்றே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. பொறுப்பு கிடைத்தவர்கள் உற்சாகமாக நடமாடினார்கள், பேசிப் பழகினார்கள். எல்லாம் செய்து கொடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மேலும் தளர்ந்தார்கள். சின்ன ஆராய்ச்சிதான், இதை வைத்து ஆயுள் கூடும் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த இரண்டாவது மாடி நம் வீட்டு ஹாலில் இல்லையா?

ஜெர்மனியில் மார்கரெட் பால்டஸ் என்பவர் முதியோர் இல்லங்களில் கவனித்ததும் இதைத்தான். தானே சட்டை போட்டுக்கொள்கிற பெரியவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. முடியாமல் தடுமாறினால் உடனே ஓடி வருகிறார்கள். தடுமாறினால்தான் நம்மிடம் நாலு வார்த்தை பேசுவார்கள் என்றால், மனிதன் எதைக் கற்றுக்கொள்வான்? யோசித்துப் பாருங்கள்.

"கீழே விழுந்துட்டா யார் பொறுப்பு?"

நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் பழையபடி செய்யுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டீன் எண்பது வயதைத் தாண்டியும் கச்சேரி செய்தவர். எப்படி முடிகிறது என்று கேட்டதற்கு, குறைந்த எண்ணிக்கையில் பாட்டுகளை வாசிக்கிறேன், அவற்றை அதிகம் பழகுகிறேன், வேகமான இடம் வருமுன் கொஞ்சம் மெதுவாக வாசித்துக்கொள்கிறேன்; அப்போது வேகம் வேகமாகவே தெரிகிறது என்றாராம்!

நம் வீட்டுக்கும் இதே வழிதான். பத்து வேலையில் அவருக்குப் பிடித்த இரண்டை அவரிடமே விடுங்கள். அம்மாவால் நின்று சமைக்க முடியாதா? உட்கார்ந்து காய் நறுக்கட்டும். சாம்பாருக்கு உப்பு, புளி அவர் சொல்படி இருக்கட்டும். பாத்ரூமில் கைப்பிடி வையுங்கள், வழியில் நல்ல வெளிச்சம் போடுங்கள். கண், காது இரண்டையும் பரிசோதியுங்கள். காது கேட்காததால் பதில் சொல்லாதவரை 'மந்தம்' என்று நினைத்துவிடுகிறோம். பாவம்!

ஒரு எச்சரிக்கை. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சாதாரணம். பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, சொன்ன பதிலை மறந்து அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பணக்கணக்கில் குழம்புவது... இவை இருந்தால் 'வயசு' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டு கோளாறு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு.

என் அப்பா கதைக்கு வருகிறேன். டாக்டரிடம் காட்டினோம், பெரிதாக ஒன்றுமில்லை என்றார். காய்கறிப் பையை மறுபடி அவர் கையில் கொடுத்தோம். முதல் நாள் முற்றல் வெண்டைக்காயாக வாங்கி வந்தார். யாரும் வாய் திறக்கவில்லை! மறுவாரம் அவரே, "போன தடவை ஏமாந்துட்டேன், இன்னிக்கு ஒடிச்சுப் பார்த்து வாங்கினேன்" என்றார். கிழமை கேட்பதும் மெல்ல நின்றது.

இன்று உங்கள் வீட்டுப் பெரியவரிடமிருந்து எந்த வேலையை வாங்கிக்கொண்டீர்கள்? நாளை காலை அதைத் திருப்பிக் கொடுங்கள். கொஞ்சம் தாமதமாகும், கொஞ்சம் தப்பாகும். பரவாயில்லை. நமக்கும் ஒருநாள் 72 வயது வரும். அப்போது நம் கையில் பை இருக்கவேண்டாமா?