ஒரு நாளைக்கு ஒரு கோட்டை போதும் சாமி!

டிஸ்கி: பாரிஸில் இருந்து ஒரே நாளில் மூணு கோட்டை, நாலு கோட்டை பார்த்துவிட்டு அதைப் பெருமையாகப் பயணக்கட்டுரை போட்டவர்கள், போடப்போகிறவர்கள் எல்லோரும் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு மேலே படிக்கவும். ஆட்டோ அனுப்ப விரும்புபவர்கள் வரிசையில் வரவும் :-)

நேரா விஷயத்துக்கு வர்றேன். பாரிஸில் தங்கிக்கிட்டு, ஒரு நாள் போய்வரும் பயணமா பிரெஞ்சுக் கோட்டைகளைப் பார்க்கணும்னா, ஒரு நாளைக்கு ஒரு கோட்டைதான். அதுவும் ரயிலில் போகக்கூடியதா இருக்கணும். "லுவார் பள்ளத்தாக்கு - ஒரே நாளில் மூன்று கோட்டைகள்" என்று விற்கிறார்களே, அந்த பஸ்ஸில் ஏறுவது காசு கொடுத்துக் களைப்பை வாங்குகிற வேலை. நம்ம ஆளுங்க எழுதுற பயணக்கட்டுரைகளில் பாதி அந்த பஸ் ஜன்னல் வழியா எழுதினதுதான். அதைப் படிச்சிட்டு இன்னும் நாலு குடும்பம் அதே பஸ்ஸில் ஏறுது. அதான் என் கோபம்.

முதல்ல கணக்கு போடுவோம். பாரிஸில் இருந்து ஷாம்போர் கோட்டை சுமார் 180 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினா, நகர நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம். அங்கிருந்து ஷெனான்சோவுக்கு ஒரு மணி நேரம். நடுவில் ஆம்புவாஸ் மாதிரி இன்னொரு ஊர் சேர்த்தா அதுக்குச் சுற்று ஒரு அரை மணி. திரும்பி பாரிஸ் வர மூணு மணி. ஆக, சக்கரத்து மேலேயே ஏழு மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒண்ணு. ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பினா மிச்சம் இருப்பது அஞ்சு மணி நேரம். அதை மூணு கோட்டைக்குப் பங்கு போடுங்க. அதில் பஸ் நிறுத்துமிடத்திலிருந்து நடை, டிக்கெட் வரிசை, கழிப்பறை வரிசை, தலை எண்ணுறது எல்லாம் கழிச்சா கோட்டைக்கு ஒரு மணி நேரம் மிஞ்சுமா?

இப்போ அந்த ஒரு மணி நேரத்தில் என்ன போகுதுன்னு பாருங்க. ஷாம்போர் 1519-இல் முதலாம் ஃபிரான்சுவா கட்ட ஆரம்பித்தது. நானூறுக்கு மேல் அறைகள், 282 கணப்புகள். நடுவில் ஒரு இரட்டைச் சுருள் படிக்கட்டு. ஒருத்தர் ஏற, இன்னொருத்தர் இறங்க, ரெண்டு பேரும் இடையில இருக்கிற திறப்பு வழியாப் பார்த்துக்கலாம், ஆனா எதிரெதிரே சந்திக்கவே மாட்டாங்க. அந்த யோசனை லியனார்தோ டா வின்சியுடையதுன்னு சொல்றாங்க. ஆதாரமா ஒரு காகிதமும் கிடைக்கலை. ஆனா அவர் கடைசிக் காலத்தில் அதே ராஜாவின் விருந்தாளியா ஆம்புவாஸில் இருந்து, அதே 1519-இல் இறந்தார் என்பது நிஜம். மேலே மொட்டை மாடிக்குப் போனா கோபுரமும் புகைபோக்கியுமா ஒரு குட்டி ஊரே நிக்கும். கோட்டையைச் சுத்தி 32 கிலோமீட்டர் மதில், உள்ளே காடு. இதையெல்லாம் ஒரு மணி நேரத்தில்?

இவ்வளவையும் கட்டின ராஜா மொத்தமா அங்கே தங்கினது 72 நாள்தான். ஏன்னா அன்றைய பிரெஞ்சு ராஜசபை ஒரு இடத்தில் இருக்காது. கட்டில், திரைச்சீலை, பாத்திரம் பண்டம் எல்லாத்தையும் வண்டியில் ஏத்திக்கிட்டு கோட்டை கோட்டையா நகர்ந்துகிட்டே இருக்கும். "ஷாம்போர்ல அறையெல்லாம் காலியா இருக்கு, போர்"னு எழுதுறவங்க கவனிக்க: அது காலியா இருக்கறதுக்காகக் கட்டினது. ராஜா வந்தா நிறையும், போனா காலியாகும். இதைப் புரிஞ்சுக்க அந்தக் காலி அறையில் பத்து நிமிஷம் சும்மா நிக்கணும். பஸ்காரர் நிக்க விடமாட்டார்.

எனக்குத் தெரிந்த ஒருத்தர், திருச்சிப் பக்கம் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுப் புரட்சியைப் புத்தகம் பார்க்காமலே நடத்துவாராம். மகன் இங்கே வேலை பார்க்கிறார். அப்பா அம்மாவை வரவழைச்சு, ஆசை ஆசையா அந்த மூணு கோட்டை பஸ்ஸில் ஏத்திவிட்டார். திரும்பி வந்ததும் கேட்டேன், "ஷாம்போர்ல என்ன சார் பார்த்தீங்க?"

"கடிகாரம் பார்த்தேன் தம்பி" என்றார்.

முழங்கால் வலியோட படி ஏற ஆரம்பிச்சிருக்கார். பாதியில் நேரம் ஆச்சுன்னு கூப்பிட்டுட்டாங்க. மொட்டை மாடி பார்க்கவே இல்லை. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதின மனுஷனுக்கு, மிச்சம் பதினைஞ்சு படி ஏற நேரம் கிடைக்கலை. அந்தப் பணத்தில் அவரை மூணு தனித்தனி நாள் மூணு இடத்துக்கு ரயிலில் கூட்டிட்டுப் போயிருக்கலாம். இது யாருக்கு நியாயம், சொல்லுங்க?

சரி, அப்போ எங்கே போறது? இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துடுவோம். 'ஷத்தோ' என்ற ஒரே பிரெஞ்சுச் சொல்லை நாம 'கோட்டை'ன்னு மட்டும் சொல்லிட்டு, செஞ்சிக் கோட்டை மாதிரி எதிர்பார்த்துப் போயி ஏமாறுறோம். அவங்களுக்கு அகழியும் கொத்தளமும் இருக்கிற கோட்டையும் ஷத்தோ, வெர்சாய் மாதிரி அரண்மனையும் ஷத்தோ, பணக்காரர் கிராமத்தில் கட்டின பங்களாவும் ஷத்தோ. எது வேணும்னு முதலில் முடிவு பண்ணுங்க.

நிஜமான கோட்டை வேணுமா? மெட்ரோ ஒண்ணாம் நம்பர் லைனில் ஏறி கடைசி ஸ்டேஷனில் இறங்குங்க. வன்சென் கோட்டை. லூவர் வாசலில் ஏறினா வண்டி மாறக்கூட வேண்டாம். சுமார் 50 மீட்டர் உயரத்தில் 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரம், சுத்தி அகழி. இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஹென்றி 1422-இல் செத்தது இங்கேதான். 1749-இல் தீதரோவை அடைச்சு வெச்சது இங்கேதான். அவரைப் பார்க்க ரூசோ பாரிஸில் இருந்து நடந்தே வந்தார். 1804-இல் நெப்போலியன் ஆட்சி அங்கியன் பிரபுவைச் சுட்டுக் கொன்றதும் இதே அகழியில். அரை நாளில் நிதானமா பார்க்கலாம். ஆனா பயணக்கட்டுரைகளில் இதைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். மெட்ரோவில் போறது பெருமை இல்லையாம்!

ராஜ பரம்பரை முழுசையும் ஒரே கூரையின் கீழே பார்க்கணுமா? ஃபோன்தேன்புளோ. கார் து லியோன் ஸ்டேஷனில் ஏறினா நாற்பது நிமிஷம், அப்புறம் ஒரு பஸ். 12-ஆம் நூற்றாண்டில் இருந்து மூன்றாம் நெப்போலியன் வரைக்கும் ராஜாக்கள் வந்து தங்கின இடம். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் அறைகள். நெப்போலியன் 1814 ஏப்ரலில் பதவி துறந்ததும், 20-ஆம் தேதி தன் காவல்படையிடம் விடைபெற்றதும் இங்கேதான். 2025 ஜனவரியில் பாரிஸ் பிராந்தியம் முழுக்க ரயிலுக்கு ஒரே விலை டிக்கெட் கொண்டு வந்தாங்க. அப்போ விலை 2.50 யூரோ. வெர்சாய்க்கும் அதேதான், ஃபோன்தேன்புளோவுக்கும் அதேதான். அந்த பஸ் டிக்கெட் விலையை இதோட ஒப்பிட்டுப் பாருங்க, தலை சுத்தும்.

வெர்சாய் போகாம எப்படின்னு கேப்பீங்க. போங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா முடிஞ்சா அதுக்கு முந்தி வோ லெ விகோம்த் போயிட்டு வாங்க. நிதி மந்திரி நிக்கோலா ஃபூக்கே கட்டின மாளிகை. 1661 ஆகஸ்ட் 17-இல் பதினான்காம் லூயிக்கு அங்கே பெரிய விருந்து வெச்சார். மூணே வாரத்தில், செப்டம்பர் 5-இல் கைது. அன்னிக்கு ராஜாவுக்கு 23-வது பிறந்தநாள்! விருந்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டுத்தான் கைதுன்னு எல்லா வழிகாட்டியும் கதை சொல்லுவாங்க. கைது முடிவு விருந்துக்கு முன்னாடியே எடுத்தாச்சுன்னு வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க. நீதிமன்றம் நாடு கடத்தச் சொன்னது. ராஜா அதை ஆயுள் சிறையா மாத்தினார். ஃபூக்கே 1680-இல் சிறையிலேயே செத்தார். அவருக்கு வேலை பார்த்த கட்டடக் கலைஞர் லெ வோ, ஓவியர் லெ ப்ரன், தோட்டக்காரர் லெ நோத்ர் மூணு பேரையும் ராஜா வெர்சாய்க்கு எடுத்துக்கிட்டார். இதைப் பார்த்துட்டு வெர்சாய் போனா, அந்தத் தங்க முலாம் எல்லாம் வேற மாதிரி தெரியும். மெலன் ஊரில் இருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். குளிர்காலத்தில் பெரும்பாலும் பூட்டியிருக்கும், பார்த்துப் போங்க.

அப்புறம் ஷாந்தியி. லா ஷப்பெல்லில் நம்ம கடையில் தோசை சாப்பிட்டுட்டு, நடந்து கார் து நோர் போய் ரயில் ஏறினா 25 நிமிஷம். வாரம் தவறாம லா ஷப்பெலுக்குக் காய்கறி வாங்க வர்ற நம்ம சனம், எத்தனை பேர் இந்த ஊரை எட்டிப் பார்த்திருக்கு? ரஃபேல் ஓவியம் இருக்கு. ஓமால் பிரபு எழுதிக் கொடுத்தபோது, படங்களை இடம் மாத்தக்கூடாது, வெளியே இரவல் கொடுக்கக்கூடாதுன்னு நிபந்தனை போட்டுட்டார். அதனால 19-ஆம் நூற்றாண்டில் மாட்டின மாதிரியே இருக்கு. (இது பாரிஸ் பிராந்திய எல்லையைத் தாண்டி இருக்கு, அந்த ஒரே விலை டிக்கெட் செல்லாது. அபராதம் கட்டிட்டு என்னைத் திட்டாதீங்க.)

"வாழ்க்கையில ஒரு தடவைதான் வர்றோம், எல்லாத்தையும் பார்த்துடணும்ல?" - இதுதான் எல்லாரும் சொல்ற பதில். ஒரு தடவைதான் வர்றீங்க என்பதால்தான் சொல்றேன். அந்த ஒரு தடவையை பஸ் ஸீட்டில் தூங்கிக் கழிக்கணுமா?

"லுவார் பார்க்கலேன்னா ஊர்ல என்ன சொல்லுவாங்க?" லுவார் பார்த்தே ஆகணும்னா ரெண்டு வழி. ஒண்ணு, தூர் ஊரிலோ ஆம்புவாஸிலோ ஒரு ராத்திரி தங்குங்க. இல்லை, ஒரே கோட்டைக்காகப் போங்க. ஓஸ்தெர்லிட்ஸ் ஸ்டேஷனில் இருந்து புளுவாவுக்கு ரயில் இருக்கு, ஒன்றரையில் இருந்து ரெண்டு மணி நேரம். ஸ்டேஷனில் இருந்து நடக்கிற தூரத்தில் கோட்டை. ஒரே முற்றத்தைச் சுத்தி நாலு காலத்துக் கட்டடம். 1588-இல் கீஸ் பிரபுவை மூன்றாம் ஹென்றியின் ஆட்கள் வெட்டிக் கொன்றது இங்கேதான். இல்லேன்னா ஷெனான்சோ. தூர் வரைக்கும் அதிவேக ரயில், அங்கிருந்து சின்ன ரயில், கோட்டை வாசல் பக்கத்திலேயே ஸ்டேஷன். ஷேர் ஆற்றின் மேலேயே கட்டின மாளிகை. முதல் உலகப்போரில் அந்த நீளக் கூடம் ஆஸ்பத்திரி. 1940-இல் ஜெர்மன்காரன் பிடிச்ச பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் அந்த ஆறுதான் எல்லை; கூடத்தின் ஒரு கதவு இந்தப் பக்கம், இன்னொரு கதவு அந்தப் பக்கம். அந்தக் கூடத்தை மெதுவா நடந்து கடங்க. அதுக்குத்தான் அவ்வளவு தூரம் போறது.

கிளம்புறவங்களுக்கு சில குறிப்புகள்:

1. வெர்சாய் திங்கள் லீவு, ஃபோன்தேன்புளோ செவ்வாய் லீவு. மே 1-ஆம் தேதி கோட்டைப் பக்கமே திட்டம் போடாதீங்க.

2. போற ரயிலுக்கு முன்னாடி திரும்புற ரயிலைப் பாருங்க.

3. எல்லா இடத்திலும் சரளைக்கல் பாதை. புதுச் செருப்பு வேண்டாம்.

4. பெரியவங்க கூட வந்தா நேரத்தை அவங்க முழங்கால்தான் முடிவு பண்ணணும்.

5. புளியோதரை கட்டிக்கிட்டுப் போங்க. கோட்டைக்கு உள்ளே விற்கிற சாண்ட்விச்சைப் பற்றித் தனியா திட்டி எழுதணும்.

பயணக்கட்டுரை எழுதுற நண்பர்களுக்குக் கடைசியா ஒண்ணு. நாம எழுதுறதை நம்பித்தான் ஊரில் இருக்கிற யாரோ ஒருத்தர் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடுறார். "நாலு கோட்டை பார்த்தேன்"னு எழுதறதுக்கு முன்னாடி, அந்த நாலில் ஒண்ணுலயாவது எந்த அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சுன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கான்னு யோசிங்க. இருந்தா எழுதுங்க, நான் முதல் ஆளா வந்து படிக்கிறேன்.