பூண்டு பாட்டிலை எங்கே வைத்திருக்கிறீர்கள்?



திருபுவனை தொழிற்பேட்டைக்குக் காலை ஷிஃப்ட் போகிற வீடுகளில், விடியற்காலையில் உட்கார்ந்து பூண்டு உரிக்க யாருக்கு நேரம்? ஞாயிற்றுக்கிழமையே உரித்து, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, பாட்டிலில் அடைத்துவிடுகிறோம். முடியாதவர்கள் கடையில் வாங்குகிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வைக்கிற இடத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

எலுமிச்சை பிழிந்த விழுது பச்சை நிறமானால் பதறிப்போய்க் கொட்டுகிறோம். பாவம், அந்தப் பூண்டு ஒரு தப்பும் செய்யவில்லை! புளிப்பு பட்டதும் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நிறம் மாறுகின்றன, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால், எண்ணெய் ஊற்றி அடுப்பு மேடையிலேயே வாரக்கணக்கில் வைத்த பாட்டிலை நம்புகிறோம். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

மண்ணுக்குள் விளைகிற பூண்டில் ‘கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்’ என்ற கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். காற்றுபட்டால் அவை சும்மா கிடக்கும். எண்ணெய் காற்றை அடைத்துவிடுகிறது. பூண்டில் ஈரம் உண்டு, புளிப்பு கிடையாது. நம்மூர் வெக்கை வேறு. வித்து முளைத்து நஞ்சு உண்டாகும். வாடை வராது, ருசியும் மாறாது. அப்புறம் முகர்ந்து பார்த்து என்ன பயன்?

1985-ல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்ட நறுக்குப் பூண்டை ஓர் உணவகம் ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்திருந்தது. அங்கே சாப்பிட்ட 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். பார்வை இரட்டையாகும், இமை தொங்கும், விழுங்க முடியாது. பலருக்கு வேறு ஏதோ நோய் என்றே முதலில் வைத்தியம் நடந்தது. 1989-ல் நியூயார்க் மாநிலத்திலும் இதே கதை. அதன் பிறகே, இத்தகைய பூண்டில் அமிலம் சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்று அமெரிக்க உணவுத் துறை உத்தரவு போட்டது. அரிதான நோய்தான், வந்தால் வென்டிலேட்டர் வரை போகும்.

நம் பக்கத்து வடகத்தில் பூண்டு, வெங்காயத்தை இடித்து, உருட்டி, ஈரம் போக வெயிலில் காயவைக்கிறோம். அதனால்தான் வருஷக்கணக்கில் நிற்கிறது. பூண்டு ஊறுகாயில் புளியும் உப்பும் காவல். வெறும் எண்ணெய்க்கு அந்தச் சக்தி இல்லை.

வீட்டில் எண்ணெயில் போட்ட பூண்டு என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். எண்ணெயில்லாத விழுதுக்கு ஒரு வாரம். அதற்கு மேல் வேண்டுமா? ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள், சில மாதம் தாங்கும். கடை பாட்டிலில் அமிலம் சேர்த்திருப்பார்கள். திறந்த தேதியை மூடியில் எழுதி, லேபிளில் சொன்ன நாளுக்குள் முடியுங்கள். ஈரக் கரண்டி வேண்டாம். 2024-ல் ஃபெஞ்சல் புயலன்று போல நாள் முழுக்கக் கரண்ட் இல்லையென்றால், வீட்டில் அரைத்ததை யோசிக்காமல் கொட்டுங்கள்.

பெரிய பாட்டிலுக்குத் தள்ளுபடி உண்டே என்பீர்கள். பாதிக்குமேல் குப்பைக்குப் போகிற வீட்டில் அது என்ன தள்ளுபடி? சின்ன பாட்டிலே வாங்குங்கள்.