அடுப்பேற்றா நைவேத்தியம்

ஸ்ரீராம நவமியன்று பெருமாள் திருமுன் வைக்கப்படும் தட்டை அன்பர்கள் ஒருமுறை உற்று நோக்க வேண்டும். பானகம், நீர்மோர், ஊறிய பாசிப்பருப்பில் மாங்காயும் தேங்காயும் வெள்ளரியும் கலந்த வடைப்பருப்பு. சக்கரவர்த்தித் திருமகனின் அவதார நாளுக்கு நம் முன்னோர் தேர்ந்தெடுத்த இம்மூன்றுக்கும் அடுப்பு வேண்டாம். வெல்லம் நீரில் கரைகிறது, தயிர் மோராகிறது, பருப்பு ஊறி மலர்கிறது. பங்குனி வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தில் உடலுக்கு இதமானதையே இறைவனுக்கும் படைத்தார்கள். கடுகு தாளித்துக் கொட்டுவது வீட்டுக்கு வீடு வேறுபடும் வழக்கம், தாளிக்காவிட்டாலும் குறையொன்றுமில்லை.

இத்தகைய பண்டங்களுக்கு நம்மிடையே நெடிய குடிவழி உண்டு. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் பகிரப்படும் காப்பரிசி, ஊறிய பச்சரிசியும் வெல்லமும் கலந்தது. அம்மனுக்கு ஏற்றும் மாவிளக்கில் எரிவது திரி மட்டுமே. மாவு வேகாத மாவுதான். பழனியாண்டவரின் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய் யாவும் தீயின்றியே ஒன்றாகின்றன. ஒரு சொட்டு நீரும் சேர்ப்பதில்லை. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அப்பிரசாதம் நாட்பட இருப்பதன் இரகசியமும் இதுவே. சர்க்கரையும் தேனும் ஈரத்தைத் தம்மிடம் பிடித்து வைத்துக்கொள்வதால் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருக வழியில்லை. காய்கறி சேர்ந்த பண்டங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

இவ்வளவு செல்வம் கைவசம் இருக்க, பள்ளிகளில் நடைபெறும் ‘அடுப்பில்லாச் சமையல்’ போட்டிகளில் குழந்தைகள் எதைச் செய்கிறார்கள்? கிரீம் பிஸ்கட்டை நொறுக்கி, டின் பாலை ஊற்றிப் பிசைந்து, மேலே சாக்லேட் தூவுகிறார்கள். அடுப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பிஸ்கட் ஏற்கெனவே ஓர் ஆலையின் அடுப்பில் வெந்து வந்ததுதானே! பரிசளிப்பவர்கள் இதைச் சிந்திக்கலாம்.

இந்த வாரம் இதை எழுதத் தூண்டியது சாத்தூர்ச் சீமை. சாத்தூர் என்றவுடன் பலருக்கும் காரச்சேவு நினைவுக்கு வரும். அக்கம்பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, விருதுநகர்ப் பரோட்டா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்று புகழ்பெற்ற பண்டங்கள் எல்லாம் தீயில் பிறந்தவை. ஆனால் அதே சாத்தூருக்கு வெள்ளரிப் பிஞ்சும் பெருமைதான். கோடையில் இரயிலிலும் பேருந்திலும் அவ்வழியே சென்றவர்கள் சன்னலோரம் வாங்கித் தின்ற அந்தப் பிஞ்சின் குளிர்ச்சியை மறந்திருக்க மாட்டார்கள். கரிசல் வெயிலுக்கு அம்மண்ணே தந்த மாற்று அது.

அந்த மண்ணின் தொழிலோ தீயோடு பிணைந்தது. 1923-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். வானம் பார்த்த அப்பூமியில் பின்னர்ப் பட்டாசும் வேரூன்றியது. நம் தீபாவளியின் ஒளியெல்லாம் அங்குள்ள கைகள் உருட்டித் தந்ததே. அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையை நாம் அடிக்கடி மறந்து விடுகிறோம். 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. சாத்தூர் வட்டாரத்தில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு உகந்த தை மாதக் கடைசி வெள்ளி அது. அன்று பிற்பகல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று மாலை தாயின் வருகைக்காகத் திண்ணையில் காத்திருந்த பிள்ளைகளை நினைத்தால் எழுதும் கை நின்று விடுகிறது.

பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டி கொண்டு போகக் கூடாது. உராய்வும் வெப்பமும் சிறிதளவே போதும் என்பதால் அத்தனை எச்சரிக்கை. அவ்வளவு கவனமாகத் தீயை விலக்கி வைத்துப் பகலெல்லாம் உழைக்கும் தாய், அந்தி மயங்கும் வேளையில்தான் வீடு சேர்கிறாள். பிள்ளையோ நான்கரை மணிக்கே பசியோடு வந்து விடுகிறது. இடைப்பட்ட அந்த நேரத்தில் அதற்கு இரண்டு வழிகள்தாம் தெரிகின்றன: பெட்டிக்கடையில் தொங்கும் பொட்டலம், அல்லது தானே அடுப்பைப் பற்றவைத்து எதையாவது பொரித்துக்கொள்வது. முன்னது உடலைக் கெடுக்கும். பின்னது உயிரோடு விளையாட்டு. வேலைக்குச் செல்லும் தாய்மார் உள்ள எல்லா ஊர்களிலும் இதே நிலைதான் என்றாலும், மருந்து மணக்கும் ஊரில் தனித்திருக்கும் பிள்ளை தீக்குச்சியை எடுக்காமல் பசியாற வேண்டும் என்பதன் கனம் வேறு. அதற்கு ஸ்ரீராம நவமித் தட்டே வழிகாட்டுகிறது.

வடைப்பருப்பை எடுத்துக்கொள்வோம். சில இல்லங்களில் இதையே கோசுமல்லி என்பார்கள். நால்வருக்கு நூறு கிராம் பாசிப்பருப்பு போதும். காலையிலேயே ஊறவைத்துவிட்டு வேலைக்குப் போகலாமே என்று தோன்றும். கோடையில் அது தகாது. எட்டு மணி நேரம் வெளியில் கிடக்கும் ஊறல் புளித்து நுரைத்து விடும். பருப்பைப் பொறுக்கி, அளந்து, உலர்ந்தபடியே மூடி வைத்துவிட்டுச் செல்லுங்கள். பிள்ளை வந்தவுடன் இருமுறை அலசிக் குடிநீரில் ஊறவைக்கட்டும். கைகால் கழுவி, உடை மாற்றி, ஒரு பாடத்தை எழுதி முடிக்கும் முக்கால் மணி நேரத்தில், நகத்தால் அழுத்தினால் உடையும் பதம் வந்து விடும். நீரை ஒட்ட வடித்து, பொடியாக நறுக்கிய இரண்டு வெள்ளரிப் பிஞ்சு, இரண்டு மேசைக்கரண்டி மாங்காய்த் துருவல், மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், கிள்ளிய கொத்தமல்லி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். புளிப்பில்லாத மாங்காயானால் அரை மூடி எலுமிச்சை பிழியலாம். அரைத் தேக்கரண்டி உப்பு, உண்ணும் நேரத்தில் மட்டும். முன்னதாகவே உப்பிட்டால் வெள்ளரி தன் நீரையெல்லாம் விட்டுவிட்டுத் துவண்டு போகும். கிண்ணத்தில் பாதி தண்ணீர்தான் மிஞ்சும். கத்தி பிடிக்கும் வயது வராத பிள்ளைக்கு வெள்ளரியை நறுக்கவே வேண்டாம். கழுவி வைத்த பிஞ்சைக் கடித்துக்கொண்டே பருப்பை உண்ணட்டும்.

இதில் கேரட் சேர்க்கலாமா என்று வாசகியர் கேட்பது வழக்கம். பிள்ளையின் கிண்ணத்தில் தாராளமாகச் சேர்க்கலாம். நைவேத்தியத் தட்டில் வேண்டாம் என்பதே என் கருத்து. பல ஆலயங்களின் மடப்பள்ளியில் சீமைக் காய்களை இன்றும் சேர்ப்பதில்லை. மாங்காயும் வெள்ளரியும் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. படைப்பதற்கு முன் ருசி பார்க்கலாகாது என்பதால்தான் உப்பை அளவு சொல்லி எழுதினேன்.

வேகாத உணவுக்குச் சுத்தமே அடுப்பு. கொதிக்கும்போது தீ செய்யும் காவலை இங்கே நம் கைகள் செய்ய வேண்டியிருக்கிறது. காய்களை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவிய பிறகே தோல் சீவ வேண்டும். சீவிவிட்டுக் கழுவினால் தோலிலிருந்த மண் கத்தி வழியே உள்ளே ஏறியிருக்கும். பட்டாசு ஆலைக்குச் செல்லும் சகோதரியருக்குத் தனியே ஒரு சொல். கந்தகமும் வெடியுப்பும் அலுமினியப் பொடியும் நகக்கண்ணிலும் சேலை மடிப்பிலும் தங்கிவிடும். வந்தவுடன் பிள்ளையை வாரியெடுக்கத் துடிக்கும் மனம் எவருக்கும் புரியும். ஆயினும் முதலில் சோப்பிட்டு முழங்கை வரை கழுவி, உடை மாற்றிய பின்னரே உணவையும் பிள்ளையையும் தொடுங்கள். ஆலை உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

இனிப்பை விரும்பும் பிள்ளைகளுக்கு ஓர் உருண்டை. துருவிய கேரட் ஒரு கிண்ணம். கையால் இலேசாகப் பிழிந்து, சாற்றைக் குடித்து விடலாம். விதை நீக்கிய பேரீச்சை எட்டினை நறுக்கி மசித்து அதனோடு பிசைய வேண்டும். பிறகு பொட்டுக்கடலை மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக்கொண்டே வந்தால், ஏறத்தாழ முக்கால் கிண்ணம் மாவில் கலவை கையில் ஒட்டாமல் திரளும். கேரட்டின் ஈரத்தை மாவு குடித்துக்கொள்வதால் பாகும் வேண்டாம், நெய்யும் வேண்டாம். ஏலப்பொடி சேர்த்து உருட்டித் தேங்காய்த் துருவலில் புரட்டிவிட்டால் பார்ப்பதற்கும் அழகாக இருக்கும். பஞ்சாமிர்தம்போல் இது நாட்பட நிற்காது. அன்றே தீர்க்க வேண்டும். பொட்டுக்கடலை முன்பே வறுபட்டது என்பதால்தான் இது கைகூடுகிறது. கடலைமாவை இதற்குப் பயன்படுத்திவிடாதீர்கள், அது பச்சை மாவு.

அவலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குசேலர் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மெல்லிய அவலை அலசிப் பத்து நிமிடம் மூடி வைத்து, எலுமிச்சை பிழிந்து, வறுத்த நிலக்கடலையும் வெள்ளரியும் துருவிய பீட்ரூட்டும் கலந்தால் அதுவே ஒரு வேளைப் பசியைத் தாங்கும்.

எல்லாக் காயும் பச்சையாக உண்ணத் தக்கவையல்ல. சேனையும் கருணையும் நாக்கை அரிக்கும்; உருளையும் அவரையும் பீன்ஸும் வெந்தே ஆக வேண்டும். முளைகட்டிய பயறு சிறந்த உணவுதான், ஆனால் முளைவிடும் அந்த ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடித்தமானவை. ஆதலால் கைக்குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் முதியோருக்கும் அதை ஆவியில் வேகவைத்தே கொடுக்க வேண்டும். அந்த வேலை தாய் வீடு திரும்பிய பின் ஆகட்டும்.

வெள்ளரி வாங்கும்போது விரலளவுப் பிஞ்சாகத் தேர்ந்தெடுங்கள். முற்றியதாயின் நெடுக்காகப் பிளந்து விதைப்பகுதியை வழித்து, சதையை மட்டும் துருவி நீர்மோரில் கலந்து விடலாம். காம்புப் பக்கத்தில்தான் கசப்பு கூடி நிற்கும். அந்த ஒரு விரற்கடையை வெட்டி ஒதுக்கிய பிறகும் கசந்தால், அந்தக் காயை முழுவதுமாக எறிந்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.