டிரான்ஸ்ஃபார்மர் சூடும் தீயில் காட்டும் சூடும்

உங்க லேப்டாப்பில் ரீப்பரோ எஃப்எல் ஸ்டூடியோவோ இருந்தா, பிளக்இன் ஃபோல்டரை ஒரு தடவை திறந்து பாருங்க. பேர்ல 'அயர்ன்', 'ஸ்டீல்', 'விண்டேஜ்', 'வார்ம்'னு ஏதாவது ஒட்டியிருக்கிற பிளக்இன் குறைஞ்சது மூணாவது இருக்கும். அதுல பாதி கிராக் வெர்ஷன். யார் குடுத்தாங்கன்னு நான் கேக்கல. நான் கேக்கிறது வேற: அந்த 'சூடு' எங்கிருந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

யோசிச்சிருக்கணும். ஏன்னா அது உங்க சிலபஸ்லயே இருக்கு. மெஷின்ஸ் லேபில் ஓசி டெஸ்ட், எஸ்சி டெஸ்ட் பண்ணி, ரெக்கார்ட் நோட்டுல பி-எச் வளைவை வரைஞ்சு, கையெழுத்து வாங்கிட்டு மறந்துட்டோமே, அதேதான். ரூமுக்கு வந்து அதே வளைவைக் காசு கொடுத்து (அல்லது கொடுக்காம) பிளக்இன்னா வாங்குறோம். ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு யாரும் நமக்குச் சொல்லல.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். டிரான்ஸ்ஃபார்மர் பிளக்இன் வேலை செய்யும், நானும் போடறேன். ஆனா எல்லா டிராக்கிலும் கண்ணை மூடிட்டுப் போடற பழக்கம் நம்ம கேம்பஸ் மிக்ஸ்களைக் கெடுக்குது. நம்ம ஊர் வாத்தியங்கள் மேல போடும்போது ரொம்பவே கெடுக்குது.

முதல்ல இரும்பு என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம். பழைய ஸ்டூடியோ கருவிகளில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது அழகுக்காக இல்ல. மைக்கையும் ஆம்ப்ளிஃபையரையும் இம்பிடன்ஸ் பொருத்தணும், நீளமான கேபிள்ல ஹம் ஏறாம இருக்கணும், அதுக்காக வெச்சாங்க. இங்கிலாந்தில் ரூபர்ட் நீவ் 1970-ல் கொண்டுவந்த 1073 ப்ரீஆம்ப்பில் உள்ளே நுழையவும் டிரான்ஸ்ஃபார்மர், வெளியே போகவும் டிரான்ஸ்ஃபார்மர். அமெரிக்காவில் ஏபிஐ கன்சோல்களும் அப்படித்தான். அதைச் செஞ்ச இன்ஜினியர்கள் டிஸ்டார்ஷனைக் குறைக்கத்தான் படாத பாடு பட்டாங்க. நிக்கல் கலந்த கோர் போட்டா சின்ன சிக்னலில் சுத்தமா இருக்கும், ஆனா சீக்கிரம் நிரம்பிடும். சிலிக்கான் ஸ்டீல் கோர் நிறையத் தாங்கும், ஆனா சின்ன சிக்னலிலேயே கொஞ்சம் அழுக்கு சேர்க்கும். அவங்க தப்பிச்சு ஓடப் பார்த்த அந்த அழுக்கைத்தான் நாம இப்போ நாப் வெச்சுத் திருகிக் கூட்டறோம்.

இப்போ ஈஎம்எஃப் ஈக்வேஷனை ஞாபகப்படுத்துங்க. 4.44 எஃப், என், ஃபை. வோல்டேஜ் மாறாம ஃப்ரீக்வன்சி பாதியானா ஃப்ளக்ஸ் ரெண்டு மடங்கு. அதாவது ஒரே அளவு சிக்னலா இருந்தாலும் 200 ஹெர்ட்ஸைவிட 50 ஹெர்ட்ஸ் கோருக்கு நாலு மடங்கு சுமை. அதனால கோர் முதல்ல தடுமாறுறது பேஸில்தான். மேல் ஒலிகள் கிட்டத்தட்ட தொடப்படாமலே போயிடும். ஒரு சாதாரண டிஸ்டார்ஷன் பெடலுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் உள்ள முக்கியமான வித்தியாசமே இதுதான்.

ஒரு குறிப்பு: நான் இங்கிலீஷ் மீடியம். ஹிஸ்டெரிசிஸ், சாச்சுரேஷன்னுதான் படிச்சேன். தம்பியோட தமிழ் மீடியம் புத்தகத்தைப் புரட்டினப்போதான் ஹிஸ்டெரிசிஸுக்கு 'தயக்கம்'னு பேர் பார்த்தேன். காந்தத் தயக்கம். காந்தப்புலத்தைக் குறைச்சாலும் இரும்பு உடனே திரும்பி வராது, தயங்கும். அதே மாதிரி சாச்சுரேஷன்னா தெவிட்டல். பாயசம் மூணாவது டம்ளர்ல பண்ணுமே, அது. மூணு வருஷம் நான் மனப்பாடம் பண்ணினதை ரெண்டு வார்த்தை புரிய வெச்சிடுச்சு.

சரி, இரும்பு தெவிட்டும்போது என்ன சேரும்? பி-எச் வளைவு மேலயும் கீழயும் ஒரே மாதிரி வளையறதால ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள்தான் முக்கியமா வரும்: மூணு, அஞ்சு, ஏழு. உங்க பேஸ் கிட்டார் 55 ஹெர்ட்ஸ் வாசிச்சா 165-ம் 275-ம் ஒட்டிக்கிட்டு வரும். ஃபோன் ஸ்பீக்கர்ல 55 கேக்கவே கேக்காது. ஆனா 165-ம் 275-ம் கேட்டுட்டு, இல்லாத அந்த 55-ஐ மூளை தானே நிரப்பிக்கும். நம்ம பாட்டை முக்கால்வாசிப் பேர் பஸ்ல ஃபோன்ல கேக்கிறாங்க. அதனால பேஸ் டிராக்ல கொஞ்சம் டிரான்ஸ்ஃபார்மர் போடறது நூறு சதவீதம் நியாயம். இதுல எனக்குச் சண்டையே இல்ல.

சண்டை வர்ற இடம் அடுத்தது. மூணாவது ஹார்மோனிக்னா சங்கீத பாஷையில் என்ன? நீங்க சட்ஜமம் வாசிச்சா, மேல் ஸ்தாயி பஞ்சமம் கூடவே வரும். அஞ்சாவது, அந்தர காந்தாரம். இப்போ ஹிந்தோளத்துல ஒரு ட்யூன் போடறீங்கன்னு வெச்சுக்கோங்க. அந்த ராகத்துல பஞ்சமமும் கிடையாது, அந்தர காந்தாரமும் கிடையாது. பஞ்சமம் இல்லாத ராகம் பாடும்போது தம்புராவையே மத்தியமத்துக்கு மாத்தி மீட்டறவங்க உண்டு. நீங்க அடியில ஒரு சுத்தமான சைன் சப்-பேஸ் போட்டு, அதுமேல 'ஸ்டீல்' பிளக்இன்னை முக்கால் பங்கு திருகினா, ராகத்துல இல்லாத ரெண்டு ஸ்வரத்தை நீங்களே உள்ள விடறீங்க. குரலிலும் தந்தியிலும் இயல்பாவே அந்த ஹார்மோனிக் உண்டேன்னு கேக்கலாம். உண்டு. ஆனா அது எவ்வளவு இருக்கணும்னு பாடறவரும் வாத்தியம் செய்றவரும் முடிவு பண்ணியிருக்காங்க. சைனுக்கு நீங்கதான் முடிவு பண்றீங்க, அதுவும் ஒரு ப்ரீசெட் பேரைப் பார்த்து.

இந்த விஷயத்துல நமக்கு ஒரு பக்கத்து ஊர்க்காரர் இருக்கார். துவாக்குடியில சத்திரம் பஸ் ஏறி, அங்க மாறினா திருவானைக்காவல். 1888-ல் சி.வி. ராமன் பிறந்தது அங்கதான். அவர்னா நமக்கு ஒளிச்சிதறல் மட்டும்தான் ஞாபகம். ஆனா 1920-லேயே நேச்சர் இதழில் மிருதங்கம் மாதிரியான நம்ம தோல்வாத்தியங்களைப் பத்தி எழுதியிருக்கார். 1934-ல் விரிவா இன்னொரு கட்டுரை. விஷயம் இதுதான்: சும்மா இழுத்துக் கட்டின தோலைத் தட்டினா வர்ற மேலொலிகள் ஒண்ணுக்கொண்ணு முழு எண் விகிதத்துல இருக்காது. அதனாலதான் சாதாரண டிரம்முக்கு ஸ்ருதி தெளிவா இல்ல. ஆனா மிருதங்கத்தோட வலந்தலையில் நடுவுல கருப்பா பூசியிருக்கிற அந்தச் சோறு (கரணைன்னும் சொல்வாங்க), தோலோட நடுப்பகுதிக்கு எடை கூட்டி, மேலொலிகளை ஹார்மோனிக் வரிசைக்குள்ள கொண்டுவந்து நிறுத்துது. நாம பிளக்இன்ல தேடற சங்கதியை, வாத்தியம் செய்றவர் கல்லுப்பொடியையும் விரலையும் வெச்சுப் பண்ணி முடிச்சிட்டார்.

இதுல மிக்ஸ் பண்றவங்களுக்கு ஒரு நேரடிப் பாடம் இருக்கு. ஏற்கனவே ஹார்மோனிக் வரிசையில் இருக்கிற ஒலியை லேசா தெவிட்ட வெச்சா, புதுசா வர்றதும் அதே வரிசையில்தான் விழும். அதனால மிருதங்கம் அதைத் தாங்கும். ஆனா சோறு பூசாத பறையோட மேலொலிகள் வரிசையில் இல்ல. அதைத் தெவிட்ட வெச்சா, ரெண்டு ரெண்டு ஒலிகளோட கூட்டலும் கழித்தலும் எங்கெங்கோ போய் விழும். இண்டர்மாடுலேஷன். நாம அதுக்குப் பேரு 'வார்ம்த்'னு வெச்சிருக்கோம். காதுக்கு அது சேறு.

போன செமஸ்டர்ல ஒரு ஷார்ட் ஃபிலிமுக்காகப் பக்கத்து ஊர்ப் பறைக்குழு ஒண்ணைப் பதிவு பண்ணினாங்க. நான் கேபிள் சுத்தற வேலைக்குப் போயிருந்தேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வைக்கோலைக் கொளுத்தி, பறையைத் தீக்கிட்ட சுத்திச் சுத்திக் காட்டினாங்க. ஈரம் ஏறின தோல் தொய்ஞ்சு போயிருக்கும். சூடு பட்டதும் ஈரம் போய் இறுகும், சத்தம் கணீர்னு ஆகும். நடுநடுவே நிறுத்தி மறுபடியும் காட்டினாங்க. அந்தக் கணீருக்காகத்தான் அவ்வளவு மெனக்கெடல்.

மிக்ஸ் பண்ணின சீனியர் எல்லா டிராக்கிலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பிளக்இன் போட்டு, மாஸ்டர்ல இன்னொண்ணு போட்டார். முடிச்சதும் குழுத் தலைவர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. அவர் கேட்டது ஒரே கேள்வி: அன்னிக்குப் பறை ஆறிப் போயிருந்துச்சா?

எனக்கு இது ரொம்ப நாள் மண்டையில ஓடுச்சு. ஸ்டூடியோ பாஷையில சூடுன்னா முனை மழுங்கறது. பறை பாஷையில சூடுன்னா முனை கூராகறது. ஒரே வார்த்தை, நேர் எதிர் வேலை. ரெண்டுல எது சரின்னு கேட்டா, அது யாரோட வாத்தியமோ அவங்க சொல்றதுதான் சரி. வேற நாட்டு கன்சோல் ஒண்ணோட குறையை எடுத்து, இங்க தீயில காட்டி ஏத்தின கூர் மேல பூசி, அதுக்கு 'புரொஃபஷனல்'னு பேர் வைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

இன்னொண்ணும் கவனிங்க. நான் முன்னாடி சொன்ன ஈக்வேஷன்படி, நிஜ டிரான்ஸ்ஃபார்மர் அந்த நீளக் குச்சியோட 'டக்'கைப் பெருசா தொடாமதான் விட்டிருக்கும். பறையோட அடிவயிற்று ஒலியைத்தான் பிடிச்சிருக்கும். அப்போ அந்த பிளக்இன் பண்ணினது என்ன? சும்மா எல்லா ஃப்ரீக்வன்சியையும் ஒரே வளைவுல அமுக்கிட்டு, மேல இரும்பு படம் ஒட்டியிருக்கு. இதைக் கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் போதும். 50 ஹெர்ட்ஸ் சைன் ஒண்ணு, அதே லெவல்ல 2,000 ஹெர்ட்ஸ் சைன் ஒண்ணு அனுப்புங்க. வோக்ஸெங்கோ ஸ்பான் இலவசம்தான், அதுல ஸ்பெக்ட்ரம் பாருங்க. ரெண்டுலயும் மூணாவது ஹார்மோனிக் ஒரே உயரத்துல நின்னா, அது டிரான்ஸ்ஃபார்மர் இல்ல. வெறும் சாஃப்ட் கிளிப்பர்.

கூடவே 9,000 ஹெர்ட்ஸும் அனுப்பிப் பாருங்க. ப்ராஜெக்ட் 48 கிலோஹெர்ட்ஸ்ல இருந்தா, அஞ்சாவது ஹார்மோனிக் 45,000-க்குப் போக முடியாம மடிஞ்சு 3,000-ல வந்து நிக்கும். ஜால்ராவுக்குக் கீழ சம்பந்தமே இல்லாத ஒரு சத்தம். அனலாக்ல இது நடக்கவே நடக்காது. ஓவர்சாம்ப்ளிங் பட்டன் அதுக்குத்தான், சிபியு எகிறுதுன்னு அணைச்சு வைக்காதீங்க.

இவ்வளவு சொன்னா, "அப்போ எண்பதுகள் ராஜா சார் பாட்டுல இருக்கிற சூடு?"ன்னு யாராவது கேப்பாங்க. எப்பவும் கேக்கிறாங்க. அந்தப் பாட்டுகள்ல இரும்பு இல்லாம இல்ல. ஆனா ஒரே ஹாலில் வயலின்காரங்க வரிசையா உட்கார்ந்து, ஒருத்தர் மைக்ல இன்னொருத்தர் சத்தம் கசிஞ்சு, எல்லாரும் ஒண்ணா மூச்சு விட்டு, டேப்ல ஏறி, அப்புறம் கேசட்டா தேய்ஞ்சு நம்ம அப்பா அம்மா காதுக்கு வந்தது. இதுல டிரான்ஸ்ஃபார்மரோட பங்கு எவ்வளவுன்னு பிரிச்செடுக்க ஆசைப்படறது, பிரியாணியில பட்டையை மட்டும் எடுத்து வெறும் சோத்துல போட்டுப் பிரியாணின்னு சொல்ற மாதிரி. 1992-ல் ரோஜா வந்தப்போ ஜனங்களைத் திரும்பிப் பார்க்க வெச்சது அதோட தெளிவு. அதையும் மறந்துட வேண்டாம்.

நீங்க நம்பலன்னா பரவால்ல, நானும் சொல்றதை வெச்சு நம்பச் சொல்லல. பிளக்இன் போட்டதும் சத்தம் ஒரு டெசிபல் ஏறும், ஏறினது எதுவும் நல்லா இருக்கிற மாதிரிதான் இருக்கும். அவுட்புட்டைக் குறைச்சு லெவலைச் சமமாக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, ரூம்மேட்டை விட்டு ஆன்-ஆஃப் பண்ணச் சொல்லிக் கேளுங்க. எங்க விங்ல இதைப் பண்ணினப்போ, சமன் பண்றதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரே பக்கம் கை தூக்கினாங்க. சமன் பண்ணதுக்கு அப்புறம் சண்டைதான் வந்துச்சு.

கிராக் வெர்ஷன் தேடற நேரத்துல இன்னொண்ணு பண்ணலாம். ஜதின் சௌத்ரி எழுதின 'சௌ டேப் மாடல்' ஓப்பன் சோர்ஸ். டேப்போட தயக்கத்தை ஜைல்ஸ்-ஆதர்ட்டன் மாடலை வெச்சுக் கணக்குப் போடுது. கோடு முழுசா படிக்கலாம். அதுவும் பெருசா தெரிஞ்சா, பைத்தான்ல சிக்னலை இன்டக்ரேட் பண்ணுங்க, அது ஃப்ளக்ஸ். ஒரு டேன்-எச் வளைவுல விடுங்க, திரும்ப டிஃபரன்ஷியேட் பண்ணுங்க. முப்பது வரி வராது. இதுல தயக்கம் இருக்காது, தெவிட்டல் மட்டும்தான். ஆனாலும் பேஸ் முதல்ல வளையறது கண்ணு முன்னாடி தெரியும்.

எனக்கும் ரெண்டு தோழர்களுக்கும் இப்போ ஒரு ஆசை. ஆடி மாசம் அம்மன் கோயில்ல கட்டற குழாய் ஸ்பீக்கர் இருக்கே, ஆம்ப்ளிஃபையர்ல இருந்து தெருக்கோடி வரைக்கும் நூறு வோல்ட் லைன்ல போய், ஒவ்வொரு குழாய்கிட்டயும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்ல இறங்கும். நம்ம காது வளர்ந்தது அந்த இரும்புலதான். அதை யாரும் பிளக்இன் ஆக்கி நான் பார்த்ததில்ல. அது 'வார்ம்' இல்ல, தெரியும். காது கிழியும். ஆனா நம்மளுது. பக்கத்துல பெல் இருக்கேன்னு சொல்லாதீங்க, இங்க பாய்லர்தான், டிரான்ஸ்ஃபார்மர் போபாலும் ஜான்சியும். எங்களுக்கு வேண்டியது கைக்குள்ள அடங்கற சைஸ். உங்க ஊர்ல மைக் செட்காரர் யாராவது தெரிஞ்சவங்க இருந்தா, பழைய லைன் டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு கேட்டுப் பாருங்க. காயில் போயிருந்தாலும் குடுங்க, துவாக்குடியில மோட்டாருக்குக் காயில் கட்டற கடையில கேட்டுக்கறோம். கோர் துருப்பிடிக்காம இருந்தா போதும்.