சுருண்ட கூந்தல்

சென்ற ஆண்டு என் தமக்கையாரைப் பெண் பார்க்க வருவதாக ஒரு குடும்பத்தார் செய்தி விடுத்தனர். மறுநாள் எங்கள் இல்லத்திற் கூடிய உறவினர் முதற்கண் ஆராய்ந்தது மாப்பிள்ளையின் குணத்தையன்று. என் தமக்கையின் தலைமயிரையே. “இந்தச் சுருட்டைமுடியை நேராக்கிவிட்டால் முகம் களையாயிருக்கும்” என்றார் அத்தை ஒருவர். அழகு நிலையமொன்றில் ஐந்து மணி நேரம் அமர்ந்து, மருந்தின் நெடியால் கண்ணீர் வடித்து, நூல் பிடித்தாற்போன்ற கூந்தலுடன் அக்காள் வீடு திரும்பினாள். அச்சம்பந்தம் வேறு காரணங்களால் நின்றுபோயிற்று. மூன்று திங்களுக்குள் முடி கொத்துக் கொத்தாய் முறியத் தொடங்கிற்று. வேரடியிலோ, புதிதாய் முளைத்த மயிர் முன்போலவே சுருண்டு எழுந்தது. வேரிற் பிறந்ததை நுனியில் மாற்றவியலாது என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன்.

சுருண்ட கூந்தல் குறையுடையதென்னும் எண்ணம் நம் முன்னோர்க்கு இருந்ததன்று. மகளிர் கூந்தலை ஐவகையாக முடித்தலின் ‘ஐம்பால்’ என்றனர். அவ்வைந்தனுள் ‘சுருள்’ என்பதும் ஒன்றென உரையாசிரியர் கூறுவர். ‘சுரியல்’ என்னும் சொல்லே சுருண்ட மயிரைக் குறிப்பதாகும். ஆற்றுநீர் வற்றியபின் மணலிற் படியும் நெளிவினை ‘அறல்’ என்று பெயரிட்டு, அதனையே கூந்தலுக்கு உவமையாக்கினர் சங்கப் புலவர். நெளியாத கூந்தலுக்கு அவ்வுவமை எங்ஙனம் பொருந்தும்? விவிலியத்திலும், உன்னதப்பாட்டின் ஐந்தாம் அதிகாரத்தில், மணவாட்டி தன் நேசரின் தலைமயிர் சுருள் சுருளாயும் காக்கையைப்போற் கருமையாயும் இருப்பதாகப் புகழ்கின்றாள். இரு நூன்மரபும் ஒருங்கே போற்றிய ஒன்றை நாம் நாணி மறைப்பது விந்தையன்றோ!

இந்நாணத்திற்கு வித்திட்டது ஒரு சொற்குழப்பமே என்பது என் கருத்து. ‘பரட்டை’ என்பது பேணாது விடப்பட்ட தலை. ‘சுருட்டை’ என்பது இயற்கையின் அமைப்பு. முன்னது பழக்கத்தைப் பற்றியது. பின்னது பிறப்பைப் பற்றியது. இவ்விரண்டனையும் ஒன்றாக்கி, சுருட்டைத்தலைச் சிறுமியைப் பள்ளி வரிசையினின்றும் வெளியே நிறுத்தி, “தலை வாரிக்கொண்டு வா” என்று கடிந்துகொள்வோர் இன்றும் உளர். வாரிக்கொண்டு வந்த தலைதான் அது என்பதை அவர் அறியார். இங்ஙனம் நிற்க நேர்ந்த சிறுமியருள் யானும் ஒருத்தி.

மயிரைப் பற்றிய இகழ்ச்சி சிறிய செய்தியென்று தள்ளத்தக்கதன்று. தென்னாப்பிரிக்காவில் 1950-ஆம் ஆண்டு மக்களை இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவர் எவ்வினத்தவர் என்னும் ஐயம் எழுந்தவிடத்து, அவர் கூந்தலிற் பென்சில் ஒன்றைச் செருகிப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. பென்சில் நழுவி வீழ்ந்தால் வெள்ளையர். சுருளிற் சிக்கி நின்றால் அல்லர். அச்சட்டம் 1991-இல் நீக்கப்பட்டது. ஆயினும், 2016-இல் அந்நாட்டின் பிரிட்டோரியா நகர்ப் பள்ளியொன்றிற் பயின்ற கறுப்பின மாணவியர், தம் இயற்கைக் கூந்தலை அடக்குமாறு வற்புறுத்தப்படுவதை எதிர்த்துக் குரலெழுப்ப வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2019-இல், மயிரின் தன்மை காரணமாகப் பள்ளியிலும் பணியிடத்திலும் வேற்றுமை பாராட்டலாகாதெனச் சட்டம் செய்தது.

இனி, சுருண்ட மயிரின் இயல்பினைச் சிறிது நோக்குவோம். மயிர் முளைக்கும் குழி வளைந்திருப்பின் மயிரும் வளைந்து வளரும். அதனைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பின் வட்டமாயிராது நீள்வட்டமாயிருக்கும். தலைத்தோலிற் சுரக்கும் எண்ணெய்ப் பசை நேரான மயிரில் எளிதின் இறங்கும். சுருளிலோ வளைவுதோறும் தடைப்பட்டு நுனியை அடையாது. ஆதலின் சுருண்ட மயிர் விரைவில் வறளும், வறண்டது சிக்குறும், சிக்குண்டதை வலிந்து வாரின் முறியும். குற்றம் மயிரினதன்று, நேர்முடிக்குரிய முறையைச் சுருள்முடிக்குச் செய்தலே குற்றம்.

பேணும் முறையோ எளிது. நாடோறும் ஷாம்பு இட்டு அலசுதல் வேண்டா. வாரத்திற்கு ஒன்றிரண்டு முறை மென்மையானதொன்றால் அலசுதல் பெரும்பாலார்க்குப் போதும். குளிப்பதற்கு முன் தேங்காயெண்ணெய் தடவுதல் நம் பாட்டியர் கண்ட வழி. அவ்வெண்ணெய் மயிரினுள் ஊடுருவி, அதன் புரதம் கழிந்துபோவதைக் குறைக்கின்றதென 2003-இல் வெளிவந்த ஆய்வொன்றும் கூறுகின்றது. அலசியபின் கண்டிஷனர் தடவி, ஈரத்துடனேயே விரலாலோ அகன்ற பல்லுடைய சீப்பாலோ நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேல்நோக்கிச் சிக்கெடுத்தல் வேண்டும். உலர்ந்தபின் நெருங்கிய பற்சீப்பால் வாரின் சுருள் கலைந்து விரியும். அதனைக் கண்டே ‘பரட்டை’ என்பர். முரட்டுத் துவாலையால் தேய்க்காது, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி நீரை வாங்கி, கையாற் பிசைந்து சுருளைத் திரட்டி, காற்றில் உலரவிடுதல் நன்று. இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை, பொறுமையே வேண்டுவது.

இதனை விடுத்து முடியை நேராக்கப் புகுவோர் எய்துவதென்ன? மின்சாரத்தாற் சூடேறும் இடுக்கி 200 பாகை செல்சியஸ் வெப்பத்தினை மயிரின்மேற் செலுத்த வல்லது. நேராக்கும் மருந்துகளுட் சில, சூடேறும்போது பார்மால்டிஹைடு என்னும் ஆவியை வெளியிடுகின்றன. அது மக்கட்குப் புற்றுநோய் விளைப்பதென அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியது. அமெரிக்காவில் 33,000-க்கு மேற்பட்ட பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் இத்தகைய மருந்துகளைப் பயன்படுத்தியோர்க்குக் கருப்பைப் புற்றுநோய் பிறரினும் இருமடங்குக்கு மேல் மிகுதியாகக் காணப்பட்டது. மருந்தே காரணமென அவ்வாய்வு அறுதியிட்டுக் கூறவில்லை. ஆயினும், அத்தையாரின் ஒரு சொல்லுக்காக ஏற்கத்தக்க இடரோ இது?

கிறிஸ்தவ மாணவியொருத்தி கூந்தலைப் பற்றி இவ்வளவு எழுதலாமோ, மயிரைப் பின்னுதல் முதலிய புற அலங்காரத்தையன்று, உள்ளத்தின் அழகையே பேதுரு அப்போஸ்தலர் வேண்டினார் அன்றோ என்று வினவுவாருமுளர். வினா தக்கதே. ஆனால் வீண் அலங்காரம் எது? உள்ளதை உள்ளவாறு தூய்மையாகப் பேணுதலோ, ஆயிரக்கணக்கிற் பணம் செலவிட்டு, இல்லாததை இருப்பதாகக் காட்டுதலோ? தலையிலுள்ள மயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறதென்று ஆண்டவர் அருளினார். எண்ணியவர் அவற்றின் வளைவை அறியாதிருப்பரோ?

எனவே தாய்மாரையும் ஆசிரியப் பெருமக்களையும் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. சிறுமியின் தலை தூய்மையாயிருக்கின்றதா என்று வினவுங்கள். நேராயிருக்கின்றதா என்று வினவாதீர்கள். தலைமயிரை நோக்கிப் பெண்ணை மதிப்பிடும் வீட்டார் மற்றவற்றை எங்ஙனம் மதிப்பிடுவர் என்பதையும் சற்றே எண்ணுங்கள். என் தமக்கை முறிந்த பகுதியைக் கத்தரித்துவிட்டாள். இப்போது காதளவே வளர்ந்துள்ள அவள் கூந்தல் அறல் அறலாய்ச் சுருண்டு விளங்குகின்றது. அடுத்து எவர் பார்க்க வரினும் இக்கூந்தலுடனேயே வந்து நிற்பேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அத்தையாரும் இம்முறை வாய் திறக்கவில்லை.