அட்டையில் இருக்கும் அந்த இரண்டு எழுத்து

நம்மில் பலருக்கு வளைகுடாவில் ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். துபாயில் கட்டட வேலை என்றால், சோனாப்பூர் கேம்ப்பில் தங்கியிருக்கலாம். அரசு வைத்த பெயர் முஹைஸ்னா 2. சோனாப்பூர் என்றால் இந்தியில் தங்க ஊர். அங்கே போகிற பெட்டிகளில் ஊறுகாயோடு சுகர் மாத்திரையும் போகிறது. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

ஊரில் அதிகம் எழுதிக் கொடுப்பது மெட்ஃபார்மின். 1957-ல் பாரிசில் ழான் ஸ்டெர்ன் என்ற டாக்டர் சர்க்கரை நோய்க்குக் கொண்டுவந்த மருந்து. கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடுவதை இது குறைக்கும். தனியாகச் சாப்பிட்டால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். வயிற்றைப் புரட்டும், அதனால் சாப்பாட்டோடு போட வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உடம்பில் தண்ணீர் வற்றினால், தொடரலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

கிளிமிபிரைடு வேறு வகை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது. இந்த இரண்டும் சேர்ந்த மாத்திரையும் உண்டு. கிளைகோமெட் என்றால் வெறும் மெட்ஃபார்மின். பின்னால் ‘ஜிபி’ என்று இரண்டு எழுத்து இருந்தால் உள்ளே கிளிமிபிரைடும் இருக்கிறது. ரூமில் ஒருவருக்கு மாத்திரை தீர்ந்து, “என்னோடதும் அதேதான்ணே, இந்தாங்க” என்று பக்கத்துக் கட்டில்காரர் நீட்டினால், அது அதேதானா?

கோடையில் விஷயம் இன்னும் சிக்கல். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அமீரகச் சட்டம். மற்ற நேரமும் வேர்க்கத்தான் செய்யும். சுகர் இறங்கினாலும் வேர்வை, நடுக்கம், தலைசுற்றல்தான். “வெயில் தாங்கலை, கொஞ்சம் படுக்கட்டும்” என்று விட்டுவிடுவார்கள். காலையில் மாத்திரை போட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறியவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

நினைவு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் மறுபடியும். தெளிந்ததும் சாப்பாடு. நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. 998-க்குப் போன் செய்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கிளிமிபிரைடு ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். தெளிந்த பிறகும் சுகர் திரும்ப இறங்கலாம். தனியாக விடாமல் டாக்டரிடம் காட்டுவது அவசியம்.

அடுத்த முறை போன் பேசும்போது மாத்திரை அட்டையை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளையே வாசிக்க விடுங்கள், இங்கிலீஷ்தானே. ஜிபி இருந்தால் அவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “மாமா, சாப்பிடாம இந்த மாத்திரையைப் போடாதீங்க. யாருக்கும் கொடுக்காதீங்க. பையில கொஞ்சம் சர்க்கரை வச்சிக்கோங்க.” மாத்திரையை மாற்றுவதும் நிறுத்துவதும் டாக்டர் வேலை.