உருமாறும் வைரஸ்: பரவும் வேகம் வேறு, நோயின் கடுமை வேறு

புதிய வகை கொரோனா என்று செய்தி வந்தாலே இரண்டு விதமான பேச்சுகள் கிளம்பிவிடுகின்றன. ஒன்று, "இனி யாரும் தப்ப முடியாது" என்ற பீதி. மற்றொன்று, "வெறும் சளிதான்" என்ற அலட்சியம். பரவும் வேகத்தையும் நோயின் கடுமையையும் ஒன்றாகக் குழப்புவதே இரண்டுக்கும் காரணம்.

கொரோனா வைரஸின் மரபுத்தொடரில் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் உள்ளன. வைரஸ் பெருகும்போது அவற்றைப் படியெடுக்கிறது. அதில் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலான பிழைகளால் நமக்கு எந்த மாற்றமும் இல்லை. சில மட்டுமே வைரஸுக்குச் சாதகமாக அமைகின்றன.

2020ல் டி614ஜி என்ற உருமாற்றம் சில மாதங்களிலேயே உலகெங்கும் பரவியது. பரவல் கூடியது, நோய் கடுமையானதற்குச் சான்றில்லை. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட டெல்டாவோ, வேகமாகவும் பரவியது, கடுமையாகவும் தாக்கியது. 2021ல் ஆக்சிஜன் சிலிண்டருக்காக அலைந்த நாட்களை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்கா அறிவித்த ஒமைக்ரானின் முள்புரதத்தில் மட்டும் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள். அது டெல்டாவைவிட வேகமாகப் பரவியது. கடுமை குறைவாக இருந்தது.

அப்படியானால் ஒமைக்ரானுக்கு அஞ்ச வேண்டியதில்லையா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 பேருக்குத் தொற்றி, நூற்றுக்கு இருவர் இறந்தால் 20 மரணங்கள். கடுமை பாதியாகக் குறைந்து, 10,000 பேருக்குத் தொற்றினால் 100 மரணங்கள். "லேசான" வைரஸ்தான் அதிகம் பேரைக் கொன்றிருக்கும்.

ஹாங்காங்கில் இதுதான் நடந்தது. 2022ன் தொடக்கத்தில் ஒமைக்ரான் அலையில் அங்கு ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், அவர்களிலும் தடுப்பூசியை முழுமையாகப் போடாதவர்களே அதிகம். வைரஸ் உலகெங்கும் பரவியதுதான். பாதுகாப்பில்லாத உடல்களை அது அங்கே நிறையக் கண்டது.

ஆகவே, ஒரு நோயின் கடுமையை வைரஸின் உருமாற்றம் மட்டும் தீர்மானிப்பதில்லை. யாரைத் தாக்குகிறது என்பதும் தீர்மானிக்கிறது. இளைஞருக்கு இரண்டு நாள் காய்ச்சலாகக் கடந்து போவது, சர்க்கரை நோயுள்ள வாப்பாவுக்கும் மூச்சிரைப்புள்ள உம்மாவுக்கும் உயிர்ப் பிரச்சினையாகலாம்.

அடுத்த முறை வாட்ஸ்அப்பில் "புதிய வகை" என்ற செய்தி வந்தால், மற்றவர்களுக்கு அனுப்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வேகமாகப் பரவுகிறதா? கடுமையாகத் தாக்குகிறதா? நம் வீட்டில் பாதுகாப்பில்லாமல் இருப்பவர் யார்? முதல் இரண்டுக்கும் ஆய்வாளர்கள் பதில் சொல்வார்கள். மூன்றாவதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.